படித்தது போக மிச்ச உடம்பு

வேலாங்காட்டுப்புதூர் தறித்தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் சென்னிமலைக்கும் நாகமணிக்கும் ஒரே மகள் வினோதினி. இரண்டாம் தடவை எழுதிய நீட் தேர்வில் தேறி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், ஆறு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். காலை பதினோரு மணிக்கு ஆணை வந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஊர் அவளை டாக்டராக்கிவிட்டது. கவுன்சிலர் ராசாமணி நாற்சந்தியில் பிளெக்ஸ் கட்டினார். வினோதினியின் பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, யாருடைய கழுத்திலிருந்தோ எடுத்த ஸ்டெதாஸ்கோப்பை அதில் மாட்டி, 'எங்கள் மண்ணின் மருத்துவர்' என்று போட்டிருந்தார்கள். அதே படத்தில் கும்பிட்டபடி நின்ற கவுன்சிலர் மருத்துவரைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தார்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். முதல் சால்வையைப் போட வந்தவர் பன்னிரண்டு தறி ஓட்டும் பொன்னுரங்கம். பதினோரு வருஷமாக அவர் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. மின்வெட்டில் தெருவே அடங்கிக் கிடக்கும்போதும் அவருக்கு மட்டும் கடகடவென்று ஓடும். ஈரோடு, கோயம்புத்தூர் என்று போய்க் காட்டியும் நிற்காத தறி அது. அவர் சால்வையைப் போர்த்தக் குனிந்தபோது, நழுவிய சால்வையைப் பிடிக்க வினோதினி கையை உயர்த்த, அவள் விரல் அவருடைய காதில் பட்டது. தறி நின்றுவிட்டது. பொன்னுரங்கம் அப்படியே நின்று, பதினோரு வருஷத்துக்குப் பிறகு உலகத்தைக் கேட்டார். முதலில் கேட்டது அவருடைய மனைவியின் குரல். "இந்தக் கஞ்சப்பயன் இதே சால்வையத்தான் போன வருசம் எம்மெல்லேவுக்கும் போட்டான்" என்று அந்தம்மாள் பின்னால் நின்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அவள் சொன்னவற்றில் இது எத்தனையாவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் மைக்கைப் பிடுங்கி, காது குணமாகிவிட்டது என்று ஊருக்கு அறிவித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இஸ்திரி வண்டியிலிருந்து ரேஷன் கடை வரை வரிசை நின்றது. வினோதினி பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், கையைக் கழுவிக்கொண்டு, முதலில் நின்றவரின் பல்வலிக் கன்னத்தைத் தொட்டாள். போய்விட்டது. அடுத்தவருடைய முழங்கால், அதற்கடுத்தவருடைய மூலம் (தொடச் சங்கடப்பட்டு அவள் அவருடைய இடுப்பு வேட்டியைத்தான் தொட்டாள், அதுவே போதுமாக இருந்தது), பிறகு ஒருத்தியின் வெள்ளைப்படுதல், ஒரு பிள்ளையின் திக்குவாய், ஓர் ஓய்வுபெற்ற லாரி டிரைவரின் முதுகு.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. டாக்டருக்குப் படிக்கப் போகிற புள்ள தொட்டா நோவு போகாம பின்ன வருமா என்று கேட்டார்கள். வக்கீலுக்குப் படிக்கப் போன தையற்காரர் மகன் இடம் கிடைத்த அன்றே கேஸ் ஜெயித்திருக்கலாம், அவனுக்குத்தான் கைராசி இல்லை என்று ஒரு பேச்சு அடிபட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர், நாகமணியின் கையிலிருந்து மடித்த துணியை வாங்கும்போது விரல் படாமல் வாங்கிப் பழகிய வீட்டுக்காரர்கள். இருபது வருஷமாக அந்தப் பழக்கம் அவர்களுக்கு அத்தனை சுத்தமாக வந்திருந்தது. இப்போது அவர்கள் சட்டையைத் தூக்கி, சேலையை விலக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் சித்தே அழுத்தித் தொடுங்க அம்மிணி" என்றார்கள்.

சென்னிமலை இஸ்திரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலிகள் எடுத்துவந்து போட்டு, துணிகளில் குத்தும் சலவைக்குறி மையால் வந்தவர்கள் புறங்கையில் எண் எழுதினார். 'ஏய் சென்னி' என்றே அழைக்கப்பட்டு வந்தவரை மூன்றாம் நாள் கவுன்சிலர் 'சென்னியண்ணா' என்று கூப்பிட்டார். யாரோ தன் பின்னால் நிற்கிறார் போலிருக்கிறது என்று சென்னிமலை திரும்பிப் பார்த்தார். நாகமணி பின்கட்டில் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் பெருமையாகவும் இருந்தது, பாத்திரம் கழுவித் தீராததாகவும் இருந்தது.

இந்த ஊரில் வினோதினியின் படிப்பில் உண்மையான அக்கறை கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் லோகு மெடிக்கல்ஸ் லோகநாதன். மற்றவர் நாற்சந்தி மாடியில் முப்பது வருஷமாக ஊசி போட்டுவரும் டாக்டர் திருஞானம். ஐந்தாம் நாள், ஈ ஓட்டி ஓட்டிக் கை அலுத்துப்போய், இருவரும் சேர்ந்தே வந்தார்கள். லோகநாதன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்.

"அனாட்டமி புஸ்தகம், மூணு பாகம். என்ற மச்சினன் மகன் படிச்சது. நீயி காலேஜுக்குப் போறதுக்குள்ள ஒரு வாசிப்பு வாசிச்சுப்போடு அம்மிணி" என்றார்.

"முதல் வருஷம் ரொம்ப சிரமம். இப்பவே ஆரம்பிச்சாத்தான் நிக்க முடியும். நாள் முழுக்க இப்படி ஆளுகளத் தொட்டுட்டே இருந்தா எப்பப் படிப்பே?" என்றார் டாக்டர் திருஞானம், கண்ணில் நிஜமாகவே நீர் தளும்ப.

வினோதினிக்கும் அந்தக் கவலை இருந்தது. கல்லூரியிலிருந்து வந்த பட்டியலில் முழங்கால் வரை நீண்ட வெள்ளைக் கோட்டு இரண்டு, தடுப்பூசிச் சான்று, பன்னிரண்டு புகைப்படம், நகத்தைக் குறைக்க வேண்டும், முடியைக் கட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. ஆனால் அவளுக்கு பயமாக இருந்தது அந்த மற்றப் பிள்ளைகளை நினைத்துத்தான். கலந்தாய்வுக்குப் போன இடத்தில் பார்த்திருந்தாள். அப்பா டாக்டர், அம்மா டாக்டர் என்று வந்திருந்தவர்கள், எலும்பின் பெயர்களை ஐஸ்கிரீம் பெயர் சொல்வதுபோலச் சொன்னார்கள். தமிழ்வழியில் படித்த தனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழைய வேண்டுமென்றால் இப்போதே தொடங்க வேண்டும் என்று அவள் அன்று மாலையே முதல் பாகத்தை விரித்தாள். முதல் பாகம் கையில் தொடங்கியது. தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, மேற்கை, முன்கை, மணிக்கட்டுக்குள் கூழாங்கல் மாதிரி எட்டு எலும்பு. இரண்டே நாளில், சாயங்காலமும் விடிகாலையுமாக, தோளிலிருந்து விரல்நுனி வரை முடித்துவிட்டாள். கையை மடக்கி நீட்டிப் பார்த்து, உள்ளே எது இழுக்கிறது எது தளர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தபோது, தன் கையையே யாரோ புதிதாகக் கொடுத்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மணிக்கட்டு வீங்கி வந்த ஒரு நூல்கடைக்காரரை அவள் தொட்டாள். வீக்கம் அப்படியே இருந்தது. மறுபடி தொட்டாள். "பரவால்லீங், இன்னைக்குக் கூட்டம் சாஸ்தி, கை அசந்திருக்கும்" என்று அவரே சமாதானம் சொன்னார். அவருக்கு அடுத்து நின்றவளின் குதிகால் வலி தொட்டதும் போனது. அதற்கடுத்து வந்த முழங்கை போகவில்லை. இன்னொருவரின் சுண்டுவிரலும் போகவில்லை. மத்தியானத்துக்குள் கைநோவுக்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். கணக்கு வாத்தியார் வேலுச்சாமி மட்டும் அவளிடம் வந்து, நேற்று என்ன படித்தாய் என்று கேட்டார். சொன்னாள்.

"அப்பச் சரி" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி. "புள்ள எதப் படிக்குதோ அது போயிருது."

அன்று மாலையே மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். படிக்கவே கூடாது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. படிப்புக்கு விரோதமான ஊர் என்று பெயர் வாங்க அவர்கள் தயாராக இல்லை. படிக்கட்டும், ஆனால் ஊரைக் கேட்டுப் படிக்கட்டும் என்றார்கள். காலைப் படிக்கவே கூடாது, தறிக்காரர்கள் அத்தனை பேருக்கும் நின்று நின்று முழங்கால் போயிருக்கிறது, தினம் புதிதாக ஒருவருக்குப் போகிறது. வயிற்றைத் தீபாவளி முடிகிறவரை நினைக்கவே கூடாது. நெஞ்சு கூடாது, கவுன்சிலருக்கு அடைப்பு வரும் குடும்பம். அப்படியானால் இந்த ஊருக்கு அதிகம் தேவைப்படாத உறுப்பு எது என்று வேலுச்சாமி வாத்தியார் கேட்டார். வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பொன்னுரங்கம்தான், புதிதாகக் கிடைத்த காதைத் தடவியபடி எழுந்து சொன்னார்.

"மூளையப் படிக்கட்டுமுங்க. நம்மூர்ல அதுல யாருக்கும் நோவு வந்து நாம் பார்த்ததில்லை."

தலைவலி மூளையில் சேர்த்தியா மண்டையில் சேர்த்தியா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. மண்டைதான் என்று முடிவாகி, மூளைக்கு மட்டும் ஒருமனதாக அனுமதி கொடுத்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வந்தது. 'கை, மூளை நீங்கலாக' என்று அதில் சென்னிமலை தினமும் காலையில் புதிதாக எழுதினார். ஏற்கெனவே படித்ததை அவள் மறந்துவிட்டால் கை திரும்பி வருமே என்று ஒருவருக்குத் தோன்ற, கைநோவுக்காரர்கள் சேர்ந்து அவள் ஜன்னலுக்கு எதிரே ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் விடாமல் பாட்டுப் போட்டார்கள். அவளுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடமாகி, கையும் மறக்காமல், ரெண்டும் சேர்ந்தே நின்றன. மறக்கத் தெரியாததால்தானே அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைத்தது.

புரட்டாசி பிறந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மலையடிவாரத்துக் குறிச்சியிலிருந்து ஓர் இளம்பெண் மூன்று வயதுப் பெண்குழந்தையைத் தூக்கி வந்தாள். குழந்தையின் உதடும் நகமும் நீலமாக இருந்தன. நான்கு எட்டு வைத்தால் குத்தவைத்து மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஓட்டை என்று சொல்லியிருந்தார்களாம். வினோதினி அந்தச் சின்ன நெஞ்சில் கையை வைத்தாள். கையின் கீழே ஏதோ புரண்டு அடங்கியது. உதட்டில் ரத்தம் ஏறிச் சிவந்தது. குழந்தை இறங்கி, நேரே பந்தலுக்கு வெளியே ஓடி, ஒரு கோழியைத் துரத்தியது.

தாய் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "உள்ளுக்குள்ள என்ன ஆகியிருந்துச்சுங்க டாக்டரம்மா? திருப்பி வந்துருமுங்களா? ஓட விடலாமுங்களா?"

வினோதினி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"தெரியலீங்க்கா" என்றாள்.

"நீங்கதான தொட்டீங்க?"

"தொட்டேனுங்க. என்னன்னு தெரியலீங்க."

அந்தப் பெண், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கப் பயந்து பயந்து பின்னால் ஓடினாள். சந்தோஷமாகப் போக வேண்டியவள் அப்படிப் பயந்து ஓடியது வினோதினிக்கு உறுத்தியது. அன்று மிச்சமிருந்த நெஞ்சுக்காரர்கள் எல்லாரையும் தொட்டு முடித்துவிட்டு, சூரியன் இறங்குவதற்குள் மொட்டைமாடிக்குப் போய், ஊரைக் கேட்காமல், இதயத்தைப் படித்தாள். நான்கு அறை, நடுவே சுவர், பிறப்பதற்கு முன்பு அந்தச் சுவரில் திறந்திருந்து பிறகு மூடிக்கொள்ளும் ஒரு வழி. படித்து முடித்ததும், அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது அரைகுறையாகவாவது தன்னிடம் இருப்பதுபோல் தோன்றியது. அவளுடைய போன் நம்பரை மட்டும் வாங்கி வைக்கவில்லை.

காலையில் கரும்பலகையில் 'நெஞ்சு' என்று சென்னிமலை சேர்த்து எழுதியதும் தெரு கொதித்தது. கவுன்சிலர் ராசாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊரு கேட்டுக்கிட்டதுக்கு மருவாதியே இல்லீங்களா? நானு நெஞ்சுக்கு உங்களயே நம்பி மாத்திரைய நிறுத்திப் போட்டேனே!"

"அத மொதல்ல போடுங்கண்ணா. லோகு கடை தொறந்துதான் இருக்குது."

"செரி, நடந்தது நடந்துபோச்சு. கால் இருக்குது, வயிறு இருக்குது, மூஞ்சி இருக்குது. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. காலேஜுக்கு எதுக்குப் போறீங்க? அஞ்சரை வருசம் படிச்சு வந்தா என்ன பண்ணுவீங்க? நோவத் தீப்பீங்க. அத இப்பவே பண்றீங்க. படிச்சு வந்தா அதும் முடியாது. கோயில் எடத்துல உங்களுக்கு வூடு கட்டித் தாரோம். பொஸ்தகத்த மட்டும் மூடி வையுங்க."

கூட்டம் ஆமாம் என்றது. சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசையாக இருந்தது, ஆசைப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. கல்லூரியில் சேர இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அதற்குள் போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஒருநாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள் வினோதினி. உண்மையாகவே யோசித்தாள். ஒரு முழங்காலைக் குணமாக்குவது பெரிதா, முழங்கால் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது பெரிதா? கேட்கவே கூச்சமான கேள்வி அது.

மறுநாள் காலை வெள்ளைக் கோட்டுகள் தைத்து வந்தன. நாகமணி அவற்றைத் தண்ணீரில் அலசி, கொடியில் போடப் போனாள். வினோதினி ஜன்னல் வழியே தற்செயலாகப் பார்த்தாள். அம்மா கோட்டை ஒரு குச்சியின் முனையில் மாட்டி, குச்சியை இடது கையால் தூக்கிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டி, யாருடைய கையோபோலத் தொங்கியது. பிறகு, முதலில் போட்டுக் காய்ந்திருந்த இன்னொரு கோட்டை விரித்து, கரி நிறைத்த ஆறு கிலோப் பெட்டியை இடது கையால் நகர்த்தி நகர்த்தி இஸ்திரி போட்டாள். வினோதினி வெளியே வந்தாள்.

"அம்மா, வலது கையத் தூக்கு."

"என்னத்துக்கு? போ, கூட்டம் நிக்குது."

"தூக்கும்மா."

நாகமணி தூக்கினாள். இடுப்புக்கு மேலே ஒரு சாண் வந்து நின்றது. முகம் சுருங்கியது.

"எத்தன நாளா இப்படி?"

"தை மாசத்துலருந்து. விடு பாப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அத்தன பேரும் வரிசையில நின்னாங்களே, நீ ஏன் நிக்கல?"

நாகமணிக்கு அது கேள்வியாகவே படவில்லை. "வெளியாளுக காத்துட்டு இருக்கறப்ப நான் எப்படி நடுவுல பூர்றது? நீ வூட்டுலதான இருக்கற, ஆறுதலாக் காட்டிக்கலாம்னு இருந்தேன். டீ போட்டு முடிக்கறதுக்குள்ள நீ கையப் படிச்சுப் போட்டீயாமா."

வினோதினி இரண்டு கைகளாலும் அந்தத் தோளைப் பிடித்தாள். அழுத்தினாள். ஒன்றும் புரளவில்லை, ஒன்றும் அடங்கவில்லை. தோல், அதற்குக் கீழே தசை, அதற்குக் கீழே எலும்பு. ஒவ்வொன்றையும் விரல் தானே அடையாளம் கண்டது. "இது டெல்டாய்டு. இதுக்கடியில சுப்ராஸ்பைனேட்டஸ். பின்னால இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர். முன்னால சப்ஸ்கேபுலாரிஸ்" என்று சொல்லிக்கொண்டே போனாள், சொல்லி முடிப்பதற்குள் ஏதாவது நடந்துவிடும் என்பதுபோல.

"இத்தினியூண்டு தோளுக்குள்ள இத்தன பேரா?" என்றாள் நாகமணி. அவளுக்கு நிஜமாகவே வியப்பாக இருந்தது.

அன்று வினோதினி யாரையும் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மறக்கப் பார்த்தாள். ஒவ்வொரு எலும்பாக எடுத்து வெளியே எறிந்தாள். எறிந்த எலும்பு தன் பெயரோடு திரும்பி வந்தது. ஒரு ஐந்து நிமிஷம், ஒரே ஒரு தோளை மட்டும், பிறகு வேண்டுமானால் ஆயுசு முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று மாரியம்மனிடம் பேரம் பேசினாள். நடுப்பகலில் கதவைத் திறந்துகொண்டு வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். பிறகு திரும்பிப் போனாள். மூன்று மணிக்கு மறுபடி வந்தாள். நாகமணி ஒவ்வொரு தடவையும் ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள், பிள்ளை மனசு நோகக் கூடாதென்று.

மறுநாள் காலையில் அவள் அம்மாவை அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். வரிசையில் நின்றார்கள். அவளை யாருக்கும் அங்கே தெரியவில்லை. உடற்பயிற்சி சிகிச்சை அறையில் இருந்த ஷமீமா என்ற பெண், வினோதினியைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள், நாகமணியின் கையைப் பல பக்கமும் திருப்பிப் பார்த்து, சர்க்கரை இருக்கிறதா என்று சோதிக்க அனுப்பினாள். இருந்தது. நிறையவே இருந்தது. அதற்கு டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி, பிறகு நாகமணியைச் சுவருக்கு எதிரே நிறுத்தினாள்.

"ரெண்டு விரலைச் செவுத்துல வையுங்கம்மா. பல்லி ஏறுற மாதிரி மெதுவா ஏத்துங்க. வலிக்கிற எடத்துல நின்னு பத்து எண்ணுங்க. அங்க ஒரு பென்சில் கோடு போடுங்க. நாளைக்கு அந்தக் கோட்டுக்கு மேல ஒரு நூலாவது போகணும். காலையில பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை."

"எத்தன நாளைக்கு சாமி?"

"நாலு மாசம். ஆறு மாசமும் ஆகலாம்."

நாகமணி மகளைப் பார்த்தாள். பாதி ஊரை ஒரு தொடலில் நிமிர்த்தியவளின் தாய்க்குச் சுவரில் பல்லி. "செரி" என்றாள். வெளியே வந்ததும், "அந்தப் புள்ள கையப் புடிக்கறப்பவே எங்க வலிக்கும்னு அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குது பாரு" என்றாள். வீடு வந்ததும் வினோதினி அப்பாவிடம் போய், காலேஜுக்குப் போகிறேன் என்றாள். கரும்பலகையை அவளே துடைத்து எழுதினாள்: 'கால், வயிறு, முகம். நாளையும் மறுநாளும் மட்டும்.'

அந்த இரண்டு நாளும் வந்தவர்களில் ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. வலி இருப்பவர்கள் வந்தார்கள், இனிமேல் வரக்கூடும் என்று எண்ணியவர்கள் முன்கூட்டியே வந்தார்கள், வயிற்றைத் தீபாவளிக்காகத் தயார் செய்து கொண்டு போனவர்களும் உண்டு. மூன்றாம் நாள், போகக் கூடாது என்று சொன்ன அதே ஊர் மேளத்தோடு பஸ் ஏற்றிவிட்டது. வழியனுப்பு பிளெக்ஸில் கவுன்சிலர் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தார். லோகநாதனும் டாக்டர் திருஞானமும்தான் மனதார வாழ்த்தினார்கள்.

விடுதியில் முதல் மாதம் முழுக்க அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தபடி இருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பித்து, எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். "காலுக்கு வந்துட்டீங்களா அம்மிணி? இன்னும் எத்தன பக்கம் இருக்குது?" இரண்டு வேன் நிறையப் பேர் முழங்காலோடு கிளம்பி விடுதி வாசலுக்கே வந்துவிட்டார்கள். வார்டன் உள்ளே விடவில்லை. வினோதினி கம்பிக் கதவின் இடைவெளியில் கையை நீட்டி அவர்களைத் தொட்டு அனுப்பினாள். அதற்கடுத்த திங்கட்கிழமை வகுப்பில் தொடை எலும்பைக் கையில் கொடுத்தார்கள். அதன்பின் வந்த முழங்கால் வலிகளை ஊர் தானே வைத்துக்கொண்டது. மார்கழி முடிவதற்குள் வயிறும் போய்விட்டது. மார்க் வாங்கினாள், முதலாவதாக அல்ல, நடுவே எங்கோ.

பொங்கல் விடுமுறைக்கு அவள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, இனித் தொட்டு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த ஊர் தன்னை எப்படிப் பார்க்கும் என்ற கூச்சத்தோடு தறித்தெருவுக்குள் திரும்பினாள். தெருவில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நூல்கடைக்காரர் தன் கடைச் சுவரில், வேலுச்சாமி வாத்தியார் காம்பவுண்டில், பொன்னுரங்கமும் மனைவியும் ஆளுக்கொரு தூணில், இரண்டு விரலை வைத்துப் பல்லிபோல ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர்களில் எல்லாம் பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதி. ரேஷன் கடைச் சுவரில் இடம் பிடிக்க வரிசை நின்றது. நாகமணி தினமும் விடிகாலையில் சுவரில் விரல் ஏற்றுவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். டாக்டர் மகள் தாய்க்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போன வைத்தியம் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. மூலத்துக்கும் சுவர்தான், அடைப்புக்கும் சுவர்தான்.

கவுன்சிலர் ராசாமணி இவர்கள் வீட்டுச் சுவரிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது முழங்கால்.

இஸ்திரி வண்டியில் நின்றிருந்த நாகமணி, மகள் வருவதை இன்னும் பார்க்கவில்லை. அவள் கவுன்சிலரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இது எத்தனையாவது நாள் சண்டையோ.

"எத்தன தடவைங்க சொல்றது? அது தோளுக்குங்க! முழங்காலுக்கு இல்லீங்க! காலு நோவுன்னா பெரியாஸ்பத்திரியில அந்த ஷமீமாப் புள்ள இருக்குது, போய்க் காட்டுங்க! எங்கூட்டுச் சுண்ணாம்பெல்லாம் ஒதிருது!"

"நம்பிக்கையிலதான் நாகமணியக்கா எல்லாமே" என்றார் கவுன்சிலர், விரலை எடுக்காமல்.

"நம்பிக்கையாமா நம்பிக்கை! பஸ்டாண்டுல எறங்கி நேராப் போனீங்கன்னா, அந்தக் கட்டடம் தெரியுமுங்க, அதோ, அக்கட்டால!" என்று நாகமணி பெரியாஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்டினாள்.

வலது கையால் காட்டினாள். கை தோள் மட்டத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே நேராக நீண்டு நின்றது. சொல்லிக் கேட்காத எரிச்சலில் அதை ஒரு தடவை ஆட்டவும் செய்தாள். கவுன்சிலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. தெருவில் வேறு யாரும் பார்க்கவில்லை. நாகமணிக்கே தெரியவில்லை.

வினோதினி பையைத் தரையில் வைக்காமல், கூப்பிடாமல், நின்ற இடத்திலேயே நின்றாள். கூப்பிட்டால் அம்மா கையை இறக்கிவிடுவாள்.